அம்மாவுக்கு என்று எழுதிய டிஸ்க்

ரபீஹாவைத் தெரியாத பெண்பிள்ளை ஜோர்டானில் எங்கள் ஸர்கா ஊரில் கிடையாது. தெரிந்த ஆண்பிள்ளை அதிகம் கிடையாது. அவள் தொழில் அப்படி. கல்யாணங்களில் பெண்கள் கூடத்துக்குள் வீடியோ எடுப்பவள். நாங்கள் கதவைச் சாத்திவிட்டு, மேலங்கியையும் முக்காட்டையும் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, கூந்தலை அவிழ்த்து ஆடுகிற இடம் அது. மணப்பெண்ணைப் பெற்ற அப்பனுக்குக்கூட அங்கே இடமில்லை. அந்த இடத்தில் ஒருத்தியைக் கேமராவோடு நிற்க விடுகிறோம் என்றால் அவள் மேல் எங்களுக்கு எவ்வளவு நம்பிக்கை இருக்க வேண்டும்!

என்னை உம் கைஸ் என்பார்கள், மூத்த மகன் கைஸின் பெயரால். சந்தைத் தெருவில் பெண்களுக்கான சலூன் வைத்திருக்கிறேன். என் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கும் மணப்பெண் நேரே ரபீஹாவின் கேமரா முன்னால்தான் போய் நிற்பாள். அதனால் அவளைப் பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டு. நடுநிலையாகப் பேசுவேன் என்று மட்டும் யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

ஆள் குள்ளம். ஜரிகைச் சட்டைக்குக் கீழே ஓட்டப்பந்தயக்காரர்கள் போடும் ஷூவைப் போட்டுக்கொண்டு வருவாள். நாற்காலி மேல் ஏறி நின்று எடுப்பாள், மேசை மேல் ஏறுவாள், ஒரு தடவை கேக் வைத்த வண்டி மேலேயே ஏறிவிட்டாள். கோபம் மூக்கு நுனியில் இருக்கும். கேமரா வைத்த கைபேசிகள் அப்போதுதான் ஊருக்குள் வர ஆரம்பித்திருந்தன. ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் சின்னம்மா ஒருத்தி அதைத் தூக்கிப் பிடித்தாள். ரபீஹா அதைப் பிடுங்கி எலுமிச்சை ஜூஸ் ஜாடிக்குள் போட்டாள். "அடுத்த தடவ கையோட சேத்துப் போடுவேன்" என்று வேறு சொன்னாள். சின்னம்மா குடும்பம் இன்றுவரை அவளோடு பேசுவதில்லை. எங்களுக்கெல்லாம் அன்றைக்கு அவள் மேல் மரியாதை இன்னும் கூடியது.

அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. படத்தைத் தானே உட்கார்ந்து வெட்டி ஒட்டுவாள், பக்கத்தில் யாரும் இருக்கக்கூடாது. ஒரே ஒரு டிஸ்க் போடுவாள். அதை மணப்பெண்ணின் அம்மா கையில் கொண்டுபோய்க் கொடுப்பாள். கேமராவில் ஓடிய நாடாவை அந்த அம்மாவின் கண் முன்னாலேயே கத்தரிக்கோலால் வெட்டுவாள். பிறகு திரும்பி வந்து கம்ப்யூட்டரில் இருப்பதை அழிப்பாள். இதில் ஓர் ஓட்டை இருந்தது, அது எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை. டிஸ்க் கொண்டுவந்தவளைச் சும்மா அனுப்பும் வழக்கம் எங்களுக்கு இல்லை. காபி, அப்புறம் தட்டு நிறையக் குனாஃபா இனிப்பு, அப்புறம் மறுபடி காபி. வேண்டாம் என்று எழுந்தால் அந்த வீட்டையே அவமதித்ததாகும். ஆக, டிஸ்க்கைக் கொடுக்கப் போனவள் திரும்பி வர வெகுநேரம் ஆகும். அதுவரை படம் முழுவதும் ஸ்டுடியோக் கம்ப்யூட்டரில் கிடக்கும்.

ஸ்டுடியோ அவள் புருஷன் ஃபவ்வாஸுடையது. ஆண்கள் கூடத்தை அவன் எடுப்பான், பெண்கள் கூடத்தை இவள். பழைய கம்ப்யூட்டரில் டிவிடி எழுத வசதி இல்லாததால், தன் வளையலை விற்று அம்மானிலிருந்து ஒரு வெளி ரைட்டர் வாங்கி வந்து, வயர் போட்டு இணைத்தவளும் இவள்தான். செங்கல் அளவில் சாம்பல் நிறப் பெட்டி. ஃபவ்வாஸ் அதைத் தன் சாமர்த்தியம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டான்.

அவன் அம்மா உம் ஃபவ்வாஸ், பெண் பார்த்துச் சொல்பவள். வளைகுடாவில் வேலை பார்க்கும் பையன்களுக்குப் பெண் தேடும் தாய்மார்கள் அவள் வீட்டு வாசலில்தான் நிற்பார்கள். எந்தப் பெண்ணுக்கு முடி நீளம், எவளுக்கு இடுப்பு ஒடிசல், எவள் சிரித்தால் ஈறு தெரியும் என்று எல்லாம் விரல் நுனியில் வைத்திருப்பாள். எப்படி இவளுக்கு இவ்வளவு ஞாபகம் என்று நாங்கள் வாயைப் பிளப்போம்.

அந்த வசந்த காலத்தில் ஃபவ்வாஸுக்கு இரண்டாம் கல்யாண ஆசை வந்தது. பிள்ளை இல்லை என்பது சாக்கு. பெண்ணும் தயாராக இருந்தாள். பக்கத்து ஊர் மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அரீஜ். ரபீஹா ஒரே வார்த்தைதான் சொன்னாள்: "அவ உள்ள வர்றப்ப நான் வெளிய." அவனும் யோசிக்காமல் தலாக் சொன்னான். பன்னிரண்டு வருஷக் குடும்பம். கேமராவை மட்டும் தோளில் மாட்டிக்கொண்டு, என் சலூனுக்கு மேல்மாடியில் இருக்கும் தன் தம்பியின் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். தம்பி துபாயில். வீட்டில் அவன் விட்டுப்போன கம்ப்யூட்டர், பூப்போட்ட துணி மூடிக் கிடந்தது.

தனியாகத் தொழில் தொடங்குவது என்று முடிவு செய்தாள். கேமரா இருக்கிறது, கம்ப்யூட்டர் இருக்கிறது, டிஸ்க் எழுத ரைட்டர் இல்லை. அது அவள் பொருள்தானே என்று நானே ஸ்டுடியோவுக்குப் போனேன்.

ஃபவ்வாஸ் புதுக் கம்ப்யூட்டர் முன்னால் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"இந்தப் பழைய டப்பாவயா கேட்டு அனுப்பினா? தாராளமா எடுத்துக்கிட்டுப் போ, உம் கைஸ். இப்ப என் கம்ப்யூட்டருக்குள்ளயே ரைட்டர் இருக்கு."

"வயரு? கரண்டு அடாப்டரு?"

"டப்பாதான அவளுது? வயரு ஸ்டுடியோவுது." சிரித்தான். "மந்திரம் போட்டு ஓட்டச் சொல்லு."

பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் பெட்டியாலேயே அவன் மண்டையில் போட்டிருப்பேன். ஆனால் அவனுடைய அந்த அற்பத்தனம்தான் அவனைக் கவிழ்த்தது. கரண்டு இல்லாமல் ரைட்டரின் தட்டு திறக்காது. உள்ளே என்ன இருக்கிறது என்று அவனும் பார்க்கவில்லை.

அடாப்டரை மின்சாமான் கடையில் தேடிப் பிடித்தோம். வயருக்கு அலையவே வேண்டியிருக்கவில்லை. ரைட்டருக்குப் பின்னால் இருக்கும் சதுர ஓட்டையும் தம்பியின் பிரிண்டருக்குப் பின்னால் இருப்பதும் ஒன்றுதான். பிரிண்டர் வயரைப் பிடுங்கி இதில் செருகினாள். மறுமுனையைக் கம்ப்யூட்டரின் முன்பக்கம் செருகியதும் அது டொய்ங் என்று ஒரு சத்தம் போட்டு, அடையாளம் தெரியாத சாதனம் என்று எழுதிக் காட்டியது.

"அடையாளம் தெரியலையாம்ல!" ரபீஹாவுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "இதுவும் என் மாமியா மாதிரியே பேசுது பாருக்கா."

"பின்னாடி குத்திப் பாரேன்."

"முன்பக்கத்துக்குத் தெம்பு பத்தாது. அதத்தான் செய்யப் போறேன். அந்த விளக்கப் பிடி."

மேசைக்கு அடியில் தவழ்ந்து போனாள். பல வருஷத் தூசி. தும்மிக்கொண்டே செருகினாள். ரைட்டரின் முகத்தில் பச்சை விளக்கு எரிந்தது. திரையின் மூலையில் புதிய சாதனம் கிடைத்தது என்று எழுத்து வந்தது. அவள் வெளியே வந்து பொத்தானை அமுக்கினாள். தட்டு முனகிக்கொண்டே வெளியே நீண்டது. அதில் ஒரு டிஸ்க் இருந்தது.

மேலே கறுப்புப் பேனாவால் ஃபவ்வாஸின் கையெழுத்து: அம்மாவுக்கு.

"மாமியாவோட ஹஜ்ஜுப் படமா இருக்கும்" என்றாள் ரபீஹா. "போடு பாப்போம். சாத்தான் மேல கல்லெறியப் போயி சாத்தானே என்ன பாடு பட்டுச்சோ."

சிரித்துக்கொண்டேதான் போட்டோம். பின்னணியில் பாட்டு வந்தது. ஒரு பெண் ஆடினாள், கூந்தல் இடுப்பில் புரள. கீழே எழுத்து ஓடியது: பெயர், அப்பா பெயர், வயது, உயரம் நடுத்தரம், நிறம் கோதுமை, தையல் தெரியும். அடுத்து வேறொரு பெண், வேறொரு கல்யாணம். அடுத்து இன்னொருத்தி. எல்லாம் எங்கள் தெருப் பிள்ளைகள், கல்யாணம் ஆகாதவர்கள். எல்லாம் பெண்கள் கூடத்துக்குள் எடுத்தது. பிறகு நீலச் சட்டையில் ஒருத்தி வந்தாள். அந்தக் கூந்தலை நான்தான் சுருட்டிவிட்டிருந்தேன். என் மகள் தீமா.

கீழே எழுதியிருந்தான்: கொஞ்சம் கறுப்பு, ஆனால் சிரித்த முகம்.

நான் எழுந்து நின்றது எனக்கு ஞாபகம் இல்லை. கத்தியதாக ரபீஹா பிறகு சொன்னாள். என் பெண்ணை எத்தனை பேர் பார்த்தான்கள்? கத்தாரில் எந்த அறையில், எந்தக் கட்டிலில் உட்கார்ந்து, எத்தனை பயல்கள் தேநீர் குடித்துக்கொண்டு பார்த்தான்கள்? உம் ஃபவ்வாஸின் ஞாபகசக்தி இப்போது விளங்கியது. கைப்பையில் டிஸ்க்கை வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போயிருக்கிறாள். ரபீஹா காபி குடித்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் மகன் கம்ப்யூட்டரிலிருந்து சுருட்டியிருக்கிறான்.

படம் இன்னும் முடியவில்லை. கடைசியாகப் பச்சைச் சட்டையில் ஒரு பெண் வந்தாள். அவளுக்குக் கீழே எழுத்து எதுவும் இல்லை. அவள் ஆடினாள், திரும்பினாள், சிரித்தாள். மறுபடி அதே ஆட்டம், அதே சிரிப்பு. மறுபடியும். ஒரே துண்டை வெட்டி வெட்டி ஒட்டியிருந்தான். தன் அம்மாவிடம் காட்டிச் சம்மதம் வாங்குவதற்காக.

"இதுதான் அரீஜ்" என்றாள் ரபீஹா.

படத்தை அந்தச் சிரிப்பில் நிறுத்தினாள். பிறகு, "சிரிக்கிறப்ப கிட்டக்கப் போனேன் பாத்தியாக்கா? அது நான். அழகா இருக்காளே, இவங்கம்மா பாத்தா சந்தோஷப்படுவாங்களேன்னு கிட்டக்கப் போனேன். எனக்குச் சக்களத்திய நானே எடுத்துக் குடுத்திருக்கேன்" என்றாள். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. அந்த முகத்தைப் பார்க்க எனக்கே பயமாக இருந்தது.

"இப்பவே போய் இவர்கிட்டச் சொல்றேன்" என்று நான் முக்காட்டை எடுத்தேன். இவர் என்றால் என் புருஷன் அபு கைஸ். "எம் பையனுங்களும் போகட்டும். ஸ்டுடியோவும் இருக்கக்கூடாது, அவன் காலும் இருக்கக்கூடாது."

ரபீஹா வாசலை மறித்தாள். "போய் என்னன்னு சொல்லுவ? உம் பொண்ணு ஆடுனத ஊரான் பாத்துட்டான்னா? உம் புருஷன் மொதல்ல ஃபவ்வாஸத் தேடிப் போவாரா, தீமாவ ஏண்டி ஆடுனேன்னு கேப்பாரா?"

எடுத்த முக்காட்டைத் திரும்ப வைத்தேன். பதில் எனக்குத் தெரியும்.

"நாளைக்கே அவ படிப்பு நிக்கும். மத்தப் பொண்ணுங்களுக்கும் அதேதான். சிலதுங்களுக்கு இன்னும் மோசம். அவன ஒழிக்கணும்க்கா. எனக்கும் அது இல்லாம இனிமே சோறு எறங்காது. ஆனா ஒரு ஆம்பள காதுக்கும் இது போகக்கூடாது. ரெண்டும் நடக்கணும்."

நடத்திக் காட்டினோம். என் சலூனின் பின்னறையில், சர்க்கரைப் பாகு காய்ச்சிக் கால் முடி எடுக்கும் இடத்தில், ஒவ்வொரு தாயாகக் கூப்பிட்டோம். முதலில் தண்ணீர் கொடுப்பேன், பிறகுதான் சொல்வேன். ஒருத்தி தன் கன்னத்தில் தானே அறைந்துகொண்டாள். ஒருத்தி கத்தரிக்கோலைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள், பிடித்து உட்கார வைத்தோம். எல்லாரும் கடைசியில் கேட்டது ஒன்றைத்தான்: மற்ற டிஸ்க்குகள் எங்கே? அதற்கும் வழி கண்டுபிடித்தோம். பையன் பெற்றவர்களாகப் பார்த்து உம் ஃபவ்வாஸின் வீட்டுக்கு அனுப்பினோம். "குவைத்துல இருக்கான் மாமி, கண்ணால பாக்காம சம்மதிக்க மாட்டேங்கிறான்" என்று இழுக்க, அந்தக் கிழவி வாயெல்லாம் பல்லாக, பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லித் தன் கையாலேயே டிஸ்க்குகளை எடுத்துக் கொடுத்தாள். முடி வெட்டும் கத்தரிக்கோலால் அவற்றை நான் நறுக்கினேன். ஏற்கெனவே கடல் தாண்டிப் போனவற்றை எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அம்மாவுக்கு என்று எழுதிய அந்த டிஸ்க்கை மட்டும் ரபீஹா நறுக்க விடவில்லை. அதை எடுத்துக்கொண்டு அரீஜ் வீட்டுக்குப் போனாள். அங்கே நிக்காஹ் முடிந்திருந்தது, ஜூலையில் கல்யாண விருந்து. "நல்லது செய்யப் போகல. அவ வயிறும் எரியட்டும்னுதான் போனேன்" என்று என்னிடம் ஒளிக்காமல் சொன்னாள்.

அரீஜ் அறைக்கதவைச் சாத்திவிட்டுப் படம் முழுவதும் பார்த்தாளாம். மருந்துக்கடையில் தற்செயலாகப் பார்த்துப் பிடித்துப்போனது என்றுதான் ஃபவ்வாஸ் அவளிடம் சொல்லியிருந்தான். முடிந்ததும் கேட்டாளாம்:

"இத எடுத்தது யாரு?"

"நான்தான்."

"நல்லா எடுத்திருக்கீங்க. என்னை நானே இவ்வளவு அழகாப் பாத்ததில்ல."

அரீஜ் தொடர்ந்தாள்: "இப்ப வேண்டாம்னு சொன்னா எங்கப்பா காரணம் கேப்பாரு. எனக்கு நாலு அண்ணன். காரணத்தச் சொன்னா ரத்தம். சொல்லலன்னா, நிக்காஹ் முடிஞ்சு திரும்பி வந்தவன்னு எம் பேரு கெடும். அதனால கல்யாணம் நடக்கும். என் கல்யாணத்துக்குக் கேமரா நீங்கதான் பிடிக்கணும். பொண்ணு வீட்டு உரிமை அது, அவங்க வாயத் தொறக்க முடியாது."

சக்களத்தியை வெறுக்கப் போனவள், திரும்பி வந்து என் கடை வாசலில் உட்கார்ந்து வெகுநேரம் சூரியகாந்தி விதை கொறித்தாள். "வெவரமான சிறுக்கிக்கா" என்றாள் கடைசியில். அவள் வாயிலிருந்து அதைவிடப் பெரிய பாராட்டு வராது.

கல்யாண நாள். ஜூலை வெயில் கூடத்தின் சுவரையே வேக வைத்திருந்தது. பெண்கள் வந்தார்கள், கூட்டம் கூட்டமாக வந்தார்கள். கழுத்துவரை பொத்தான் போட்ட மேலங்கி, நெற்றிவரை இழுத்துக் கட்டிய முக்காடு. கதவு சாத்தியாயிற்று. ஒருத்தியும் எதையும் கழற்றவில்லை. வரிசையாக உட்கார்ந்தோம், கையை மடியில் வைத்துக்கொண்டு. டிஜே பெண் பாட்டைப் போட்டாள். யாரும் எழுந்திருக்கவில்லை. குலவை இல்லை, கைதட்டல் இல்லை. விவரம் தெரியாத மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் பளபளவென்று வந்து எங்களைப் பார்த்தார்கள், காதில் ஏதோ விழுந்தது, அவர்களும் மேலங்கியை எடுத்துத் திரும்பப் போட்டுக்கொண்டார்கள்.

உம் ஃபவ்வாஸ் தங்கச்சட்டையில் நடுவில் நின்று ஆளுக்கு ஆள் கெஞ்சினாள். "என்னடி இது, எழவு வீடா? கழட்டுங்கடி. புழுங்கல?"

"குளிருது மாமி" என்றாள் முதல் வரிசையில் ஒருத்தி, வியர்வையைத் துடைத்துக்கொண்டே.

"ஆமா மாமி, ரொம்பக் குளிருது" என்றாள் அடுத்தவள்.

"கேமரா வேற இருக்கா, அதான் ஒரே குளிர்" என்றேன் நான்.

கிழவியின் கண் ரபீஹாவின் கேமராவுக்குப் போனது. பிறகு எங்கள் முகங்களுக்கு வந்தது. உட்கார்ந்திருந்த தாய்மார்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்துக்கொண்டே போனாள். யார் யாருடைய அம்மா என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். பக்கத்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டாள்.

வழக்கப்படி கடைசியில் மாப்பிள்ளை பெண்கள் கூடத்துக்குள் வந்து, மணப்பெண்ணுக்கு நகை பூட்டி, அவளோடு ஓர் ஆட்டம் ஆட வேண்டும். "மாப்பிள்ளை வர்றாரு, மூடிக்கங்க!" என்று டிஜே பெண் கத்தினாள். அந்த அறிவிப்புக்கு எப்போதும் கூடமே அமளிப்படும். அன்றைக்கு ஒரு நாற்காலிகூட அசையவில்லை. ஃபவ்வாஸ் சிரித்த முகமாக உள்ளே வந்தான். நாலு எட்டு வைத்தவன், கூடத்தைப் பார்த்து நின்றான். அப்புறம் கேமராவைப் பார்த்தான். அதற்குப் பின்னால் இருந்தவளைப் பார்த்தான். சிரிப்பு முகத்திலேயே காய்ந்துபோனது.

மேடையில் அரீஜ் எழுந்திருக்கவில்லை.

"வாம்மா, ஆடலாம்" என்று கையை நீட்டினான்.

"நான் ஏற்கெனவே ஆடிட்டேனே" என்றாள் அரீஜ். பாட்டு நின்றிருந்ததால் கூடம் முழுவதும் கேட்டது. "பச்சச் சட்டையில. திரும்பத் திரும்பப் போட்டுப் பாத்தீங்களே. இப்ப நீங்க ஆடுங்க. நான் உக்காந்து பாக்கறேன்."

அவன் தன் அம்மாவைப் பார்த்தான். அம்மா தரையைப் பார்த்தாள். திரும்பிக் கதவை நோக்கி ஓர் அடி வைத்தான். ரபீஹா கேமராவை இறக்காமல் குறுக்கே வந்தாள். மெதுவாகத்தான் பேசினாள், பக்கத்தில் இருந்ததால் எனக்குக் கேட்டது.

"வாசல்ல அவளோட அண்ணனுங்க நாலு பேரும் நிக்கிறாங்க. பாதில வந்தா ஏன்னு கேப்பாங்க. நான் போயி காரணத்தச் சொல்லட்டுமா? இல்ல, ஆடறியா?"

அவள் சொல்ல மாட்டாள் என்று எனக்குத் தெரியும். செத்தாலும் சொல்ல மாட்டாள். அவனுக்கு அது தெரியாது.

ஆடினான். டிஜே பெண் சத்தத்தைக் கூட்டினாள். நாங்கள் கைதட்ட ஆரம்பித்தோம், எல்லாரும், ஒரே தாளத்தில். கையைத் தூக்கினான், காலை மாற்றி வைத்தான், கோட்டு முதுகில் ஒட்டிக்கொண்டது. ரபீஹா கிட்டக்கப் போனாள். நெற்றி வியர்வை தெரிகிற அளவுக்குக் கிட்டக்கப் போனாள்.

"உயரம் நடுத்தரம்" என்று ஒருத்தி கத்தினாள்.

"திரும்பச் சொல்லுங்க, பின்னாடி பாக்கல!"

"தொப்ப இருக்கு. ஆனா சிரிச்ச மொகம்" என்றேன் நான்.

"எங்க சிரிக்கிறான்? டேய், சிரிடா!"

சிரித்தான். அதையும் ரபீஹா எடுத்தாள். பாட்டு முடிந்ததும் டிஜே பெண் இன்னொன்றைப் போட்டாள். நிற்கப் பார்த்தவனை அரீஜ் ஒரு விரலை ஆட்டித் தொடரச் சொன்னாள். கேக்கை யாரும் தொடவில்லை.

பெண்கள் கூடத்துப் படத்தைப் பிரதி எடுக்கக்கூடாது என்பது ரபீஹாவின் சட்டம். ஆனால் அந்த ஆட்டத் துண்டில் மூடாமல் இருந்தது ஒரே ஓர் ஆண்பிள்ளை. மானம் போக அதில் வேறு யாரும் இல்லை. அந்த வாரம் ரைட்டர் ஓய்வில்லாமல் ஓடியது. சூடேறி முரண்டு பிடித்தபோது மின்விசிறியை அதன் பக்கம் திருப்பி வைத்தோம். கேட்ட பெண்களுக்கெல்லாம் கொடுத்தாள். அரீஜ் இரண்டு வாங்கிப் போனாள், ஒன்று தன் அலமாரிக்கு, ஒன்று தன் அம்மா வீட்டு அலமாரிக்கு. இப்போது அந்த வீட்டில் அவள் உட்கார் என்றால் மாமியார் உட்காருகிறாள்.

அதற்குப் பிறகு ஸர்காவில் ஒரு பெண்கள் கூடமும் ஃபவ்வாஸின் ஸ்டுடியோவைக் கூப்பிடவில்லை. பெண்கள் கூடம் போனால் ஆண்கள் கூடமும் போகும், யாரும் இரண்டு இடத்தில் சொல்ல மாட்டார்கள். ஆண்களுக்கு ஒன்றும் புரியவில்லை. தீமாவின் கல்யாணப் பேச்சு வந்தபோது அபு கைஸும் கேட்டார், படமெடுக்க ஏன் ஃபவ்வாஸை விட்டுவிட்டீர்கள் என்று. "படம் சரியில்லைங்க" என்றேன். ஊரில் எந்த வீட்டில் கேட்டாலும் அதே பதில்தான் வந்தது. ஃபவ்வாஸ் இப்போது அந்தக் கடையில் கைபேசி உறை விற்கிறான். எந்தப் பெண் உள்ளே நுழைந்தாலும் தலையைக் குனிந்துகொள்கிறான், இவள் பார்த்தவளா பார்க்காதவளா என்று தெரியாமல்.

போன வாரம் மாடிக்குப் போனேன். ரபீஹா சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்து விதை கொறித்துக்கொண்டிருந்தாள். திரையில் அவன் ஆடிக்கொண்டிருந்தான். நானும் பக்கத்தில் உட்கார்ந்து கடைசிவரை பார்த்தேன்.

"இன்னுமாடி?" என்றேன். "மனசு ஆறலையா?"

"இல்லக்கா" என்றாள். "மொதல்லேந்து போடு."